துண்டுத் துணியும் துண்டு நேரமும்

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. விடியற்காலையில் சேதராப்பட்டுக் கம்பெனி வேன், திரும்பி வந்தால் பிள்ளைகளின் வீட்டுப்பாடம், நடவு வந்தால் மாமியாரோடு வயல். இதற்கு நடுவே குவில்ட் போர்வையும் கை எம்ப்ராய்டரியும் எப்படி என்று கேட்டிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிவிடு என்று யாராவது உனக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். வாரத்துத் துணியெல்லாம் துவைப்பது, கறி எடுப்பது, நாத்தனார் வந்து இறங்குவது எல்லாம் அன்றைக்குத்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது.

புதுச்சேரியில் ரொமேன் ரோலன் வீதிக்கு ஒருமுறை போய்வா. 1827இல் இங்கே வந்த குளூனி கன்னியர் சபை நடத்தும் எம்ப்ராய்டரிக் கூடம் அங்கே இருக்கிறது. பழைய பிரெஞ்சு வீடு. பெண்கள் உட்கார்ந்து மேசைவிரிப்பு, தலையணை உறை, கைக்குட்டை என்று தைத்துக்கொண்டிருப்பார்கள். தையலைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார். பார்க்கிறவர்கள் "என்ன கை!" என்கிறார்கள். கை மட்டுமா? அங்கே வேலைக்கென்று ஓர் அறை உண்டு, நேரம் உண்டு, கூலி உண்டு. அடுப்பில் பாலை வைத்துவிட்டு யாரும் அங்கே ஊசி பிடிப்பதில்லை. அவர்கள் துணியைப் பக்கத்தில் வைத்து உன் துணியை எடை போடாதே. உனக்கு வேண்டியது நடுவில் போட்டுவிட்டு எழுந்து போனாலும் கெடாத வேலை.

அதனால்தான் இப்போதைக்கு ஆரி எம்ப்ராய்டரி வேண்டாம் என்கிறேன். கல்யாண ரவிக்கையில் காசு வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினால் அது வீட்டில் ஒரு மூலையையே பிடித்துக்கொள்ளும், பிள்ளைகள் கையை வைக்காமல் காவலும் காக்க வேண்டும். தைக்க வாங்கிய ரவிக்கை முகூர்த்தத்துக்கு முன் போய்ச் சேர்ந்தாக வேண்டும். அவசர வேலையில் உன் சொந்தக் கற்பனைக்கு இடமிருக்காது.

அறுகோணத் துண்டுகளில் தொடங்கு. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில், ஒரு பக்கம் 2 அங்குலம் வரும்படி அறுகோணங்கள் வெட்டிக்கொள். சுற்றிலும் கால் அங்குலம் கூடுதலாக விட்டுத் துணியை வெட்டி, அட்டைமேல் மடித்துப் பெரிய ஓட்டுத் தையலாகப் போட்டு நிறுத்து. இப்படி இரண்டை நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி சேர்த்துப் பிடித்து, ஓரத்தைச் சின்னச் சின்னதாகச் சுற்றித் தைத்தால் ஒட்டிக்கொள்ளும். ஆறு பக்கமும் பக்கத்துத் துண்டுகள் சேர்ந்த பிறகு அட்டையை உருவிவிடலாம். குழந்தைக்கு 30க்கு 40 அங்குலத்தில் ஒரு போர்வை என்றால் ஏறக்குறைய 120 துண்டு ஆகும். ஒரு நாளைக்கு இரண்டு அட்டையைத் துணியால் மூடினால் இரண்டே மாதத்தில் துண்டுகள் தயார். சோறு வேகும் நேரத்தில் ஒன்று மூடலாம். விசில் வந்தால் வைத்துவிட்டுப் போ, ஒன்றும் கெட்டுப்போகாது. வேனில் மட்டும் ஊசியை எடுக்காதே. நம் ரோடு உனக்குத் தெரியும்.

துணி விலைக்கு வாங்காதே. தையல்காரரிடம் ரவிக்கை வெட்டியது போக மிஞ்சும் பிட்டுகளைக் கேள். பருத்தியாகப் பார்த்து எடு, பாலியஸ்டர் மடித்த இடத்தில் நிற்காது. எல்லாவற்றையும் முதலில் துவைத்துவிடு, சுருங்குவது அப்போதே சுருங்கட்டும். அடியில் கொடுக்க வீட்டுப் பழஞ்சேலையைவிட மெத்தென்ற துணி எந்தக் கடையிலும் கிடைக்காது.

எம்ப்ராய்டரியில் நேரத்தைத் தின்பது தையல் இல்லை. நூல் தேடுவது, கோர்ப்பது, சிக்கெடுப்பது, எங்கே விட்டோம் என்று யோசிப்பது இவைதான் தின்கின்றன. ஆங்கர் நூல் ஒரு கண்டு 8 மீட்டர், அதில் 6 இழை. ஒரு முழத்துக்கு மேல் வெட்டாதே, நீள நூல் சிக்கும். இரண்டு இழையாகப் பிரித்தால் ஒரு கண்டு ஐம்பது ஊசிக்குக் குறையாமல் வரும். பகல் வெளிச்சத்தில் பத்து ஊசியைக் கோர்த்து ஒரு துணியில் குத்தி வைத்துக்கொள், ராத்திரி டியூப்லைட்டில் கண்ணைச் சுருக்க வேண்டியதில்லை. பூவை முடித்துவிட்டு எழுந்திருக்காதே. அடுத்த பூவில் இரண்டு தையல் போட்டு ஊசியை அங்கேயே விடு. திரும்பி வந்ததும் யோசிக்காமல் கை ஓடும். ஆனால் துணியை இறுக்கும் வளையத்தை மட்டும் கழற்றிவிட்டுப் போ. இரண்டு வாரம் அப்படியே கிடந்தால் விழும் வட்டத் தடம் இஸ்திரிக்கும் மசியாது. நடவு வாரத்தில் விரல் சொரசொரவென்று இருக்கும். அப்போது பட்டுநூலைத் தொடாமல் போர்வைத் துண்டுகளை மட்டும் மூடு.

இது வேலைவெட்டி இல்லாதவர்களின் பொழுதுபோக்கு என்று பாகூர் ஏரிக்கரைப் பக்கம் எங்கள் வீட்டிலும் பேச்சு உண்டு. அது சரியில்லை. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் ஊரின் கறுப்பினப் பெண்கள் பருத்திக் காட்டில் பாடுபட்டவர்கள். நைந்துபோன வேலை உடுப்புகளைக் கிழித்துக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். 2002இல் அந்தப் போர்வைகள் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் மாட்டப்பட்டன, 2006இல் அஞ்சல்தலையிலும் வந்தன. நம் ஊரிலும் ஒட்டுத்துணி வேலை புதிதில்லை. தேரில் தொங்கும் தொம்பைகளை நிமிர்ந்து பார். சிவப்பு, வெள்ளை, பச்சை என்று துணிமேல் துணி வைத்துத் தைத்ததுதானே அது?

தொம்பை தைக்கிறவர்களுக்கு ஒரு வசதி. தேருக்கு நாள் குறித்தாகிவிட்டது. உங்கள் ஊர்த் திருக்காமீசுவரர் கோயிலில் பிரெஞ்சுக் கவர்னர் வடம் பிடித்த காலத்திலும் சரி, துணைநிலை ஆளுநர் பிடிக்கிற இப்போதும் சரி, தைத்து முடியவில்லை என்று தேர் நிற்காது. உன் போர்வைக்கும் ஒரு நாளைக் குறி. உறவில் யாருக்காவது வளைகாப்பு வருகிறதா பார். நாள் இல்லாத துணி பரணுக்குத்தான் போகும்.

எல்லாவற்றையும் துண்டு நேரத்தில் முடித்துவிடலாம் என்று மட்டும் நம்பாதே. மூடுவதும் கோர்ப்பதும் முடியும். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம், பூவை எங்கே நிறுத்துவது என்பது முடியாது. அதற்குத் துண்டுகளைக் கூடத்தில் பரப்பி, கலைத்து, மறுபடி பரப்ப வேண்டும். மாதத்தில் ஒரு மதியம் வேண்டும். அதைத் திருடிப் பெறாதே. எல்லாரும் தூங்கும்போது ஒளித்துத் தைப்பது, கடைக்குப் போகிறேன் என்று சொல்வது எல்லாம் கொஞ்ச நாளுக்குத்தான். "இந்த சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் எனக்கு வேலை இருக்கு, குழம்பு காலையிலேயே வெச்சிடறேன்" என்று வீட்டுக்காரரிடமும் மாமியாரிடமும் வாய்விட்டுச் சொல். முதல் மாதம் முகம் சுளிப்பார்கள். மூன்றாவது மாதம் மாமியாரே தன் பழஞ்சேலையை எடுத்துக் கொடுத்தாலும் ஆச்சரியமில்லை.

சிவப்பு நூலையும் கறுப்பு நூலையும் ஈர வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துவிட்டுத் தை, சாயம் போகக்கூடும். முதல் இருபது துண்டு ஆனதும் பாகூர் பக்கம் எடுத்து வா. நிறங்களை அடுக்குவதைச் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் அக்கா