கொழும்புக்குப் பஸ் ஏறுமுன்: கணினி விஞ்ஞான மாணவருக்கு ஒரு வழிகாட்டி

மொறட்டுவையில் படிக்கும் மாணவர் பின்னேரம் லெக்சர் முடிந்து பஸ் ஏறினால், கொழும்பில் ஏதாவதொரு மென்பொருள் நிறுவனத்தில் நடக்கும் மீட்அப்பில் இருந்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு விடுதிக்குத் திரும்பிவிடலாம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் படிப்பவருக்கு அதே மீட்அப் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தள்ளி, ஓர் இரவுப் பயணம். படிக்கும் பாடங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். வேலை கொடுப்பவர்களின் கண்ணில் படுவதில்தான் வித்தியாசம். ஆகவே நம் மாணவர் செய்யவேண்டியது, நேரில் சந்தித்தே இராத ஒருவரும் தன் வேலையைத் திறந்து பார்க்கும்படி வைப்பது. கீழே இருப்பவை அதற்கான படிகள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தினரை மனதில் வைத்து எழுதினாலும், கிளிநொச்சி அறிவியல் நகரில் கணினிப் பொறியியல் படிப்பவர்களுக்கும் வவுனியாப் பல்கலைக்கழகத்தினருக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் வருடம்: கணக்கைத் திற, வாயையும் திற

உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு வந்தவருக்கு முதல் செமஸ்டர் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டுவதிலேயே போய்விடும். அதனால் முதல் வருடத்தில் ஹக்கத்தோன், ஸ்டார்ட்அப் என்று ஓடித் திரியவேண்டாம். மூன்று காரியம் போதும்.

பல்கலைக்கழக மின்னஞ்சல் கிடைத்த கிழமையே கிட்ஹப் கணக்கைத் திறந்து மாணவர் பொதிக்கு விண்ணப்பியுங்கள். ஜெட்பிரெய்ன்ஸ் மென்பொருள்கள் மாணவருக்கு இலவசம். மைக்ரோசொஃப்டின் அஸூர் மாணவர் கணக்கு கடனட்டை கேட்காமலே 100 டொலர் வரவு தருகிறது. வீட்டில் ஒருவரிடமும் கடனட்டை இல்லாத பிள்ளைக்கு இது சின்ன விஷயமல்ல.

அடுத்தது, பைத்தனோ ஜாவாவோ ஒன்றை மட்டும் எடுத்து வடிவாகப் படியுங்கள். ஐந்து மொழிகளின் பெயரை சிவியில் அடுக்கிவிட்டு ஒன்றிலும் நாற்பது வரி எழுதத் தடுமாறுபவர்களை நேர்முகத் தேர்வு நடத்துபவர்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள்.

மூன்றாவது, குப்பி. சோதனைக்கு முன் சீனியர்மார் எடுக்கும் குப்பி வகுப்புக்குப் போகாமல் கம்பஸ் முடித்தவர் குறைவு. இரண்டாம் வருடத்தில் நீங்களே ஜூனியர்களுக்குக் குப்பி எடுங்கள், அதையும் பாதியாவது ஆங்கிலத்தில். பொயின்டர் என்றால் என்னவென்று பத்து நிமிடம் ஆங்கிலத்தில் விளங்கப்படுத்திப் பழகியவர் நேர்முகத்தில் திக்கித் திணறமாட்டார். நம் பிள்ளைகளில் பலர் அங்கே தோற்பது விடை தெரியாமல் அல்ல, தெரிந்ததைச் சொல்ல வாய் வராமல்தான்.

இரண்டாம் வருடம்: ஒரு கழகம், ஒரு போட்டி

கழகங்கள் எல்லாம் உறுப்பினர் தேடி வரும். ஒன்றில் மட்டும் சேருங்கள். ‘செயலாளர்’, ‘உப தலைவர்’ என்ற பட்டங்களை நிறுவனங்கள் பெரிதாக எடுப்பதில்லை. கழகத்தின் நிகழ்ச்சிக்குப் பதிவு செய்யும் செயலியை நீங்களே எழுதி இருநூறு பேர் அதைப் பாவித்தார்கள் என்றால் அதைப் பற்றி நிச்சயம் கேட்பார்கள்.

போட்டிகளில் தொடங்குவதற்கு நல்லது ஐஈஈஈ எக்ஸ்ட்ரீம். ஒக்டோபரில் வரும், 24 மணித்தியாலம் ஓடும், அணிக்கு அதிகபட்சம் மூன்று பேர். மூவரும் ஐஈஈஈ மாணவர் உறுப்பினராக இருக்கவேண்டும். உறுப்பினர் கட்டணமும் மேற்பார்வையாளர் ஏற்பாடும் கடைசி நேரத்தில் சரிவராது என்பதால் ஓகஸ்டிலேயே மாணவர் கிளையோடு கதையுங்கள். உலக நேரம் நள்ளிரவில் ஆரம்பிப்பதால் நமக்கு அதிகாலை 5.30. மூவரும் ஒரே கணக்கில் குந்தியிருக்காமல், ஒருவர் கணக்குகளை வாசித்துப் பிரிக்க மற்ற இருவரும் எழுதுவது என்று முன்கூட்டியே பேசிவையுங்கள். இரவு இரண்டு மணிக்கு யார் நித்திரை கொள்வது என்பதையும்தான். ஐசிபிசி போட்டி வேறு மாதிரி: மூன்று பேருக்கு ஒரே ஒரு கணினி, ஐந்து மணித்தியாலம். அதற்குக் கடதாசியில் எழுதிப் பழகவேண்டும்.

கணக்குத் தீர்ப்பதில் நாட்டம் இல்லாதவர்களுக்கு யாழ் கீக் சலஞ்ச் இருக்கிறது. யாழ் ஐடி ஹப் 2012இல் தொடங்கிய போட்டி இது. ஒரு யோசனையைப் பல சுற்றுகளில் வளர்த்து, நடுவர் முன் பேசி, வெளியூர்களிலிருந்து வரும் துறைசார்ந்தவர்களிடம் கேள்வி வாங்கவேண்டும். வெல்வது இரண்டாம் பட்சம். கொழும்பில் தேடிப் போய்ச் சந்திக்கவேண்டிய ஆட்கள் யாழ்ப்பாணத்துக்கே வரும் சில நாட்களில் அது ஒன்று என்பதற்காகவே போங்கள்.

ஊர்ப் பிரச்சினையில் ஒரு புரொஜெக்ட்

எல்லாரும் செய்யும் நூலக முகாமைத்துவ முறைமை, ஒன்லைன் கடை, மருத்துவர் அப்பொயின்ட்மென்ட் மூன்றையும் விட்டுவிடுங்கள். யூரியூப்பில் பார்த்து அப்படியே அடித்தது என்று முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும். உங்கள் வீட்டுக்காரர் இன்றைக்கும் போன் பண்ணிக் கேட்டு அறிகிற விஷயம் எது என்று பாருங்கள். காலநிலை மோசமான நாளில் குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுப் படகு ஓடுமா என்பதும், திருநெல்வேலிச் சந்தையில் இன்றைக்குக் கத்தரிக்காய் என்ன விலை என்பதும் அப்படிப்பட்டவை. உலகம் பாவித்த மென்பொருள் ஒன்று இந்த நாட்டில் இப்படித்தான் பிறந்தது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு, காணாமற்போனவர்களையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிவதற்காகத் தொண்டர்கள் எழுதிய சஹானாவுக்குக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருது கிடைத்தது.

இன்னொரு வளமான வயல் தமிழ்க் கணிமை. பைத்தனைத் திறந்து ‘யாழ்ப்பாணம்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள். 11 என்று சொல்லும். முதலாம் வகுப்புப் பிள்ளை யா, ழ், ப், பா, ண, ம் என்று விரல் மடித்து ஆறு என்று சொல்லும். யூனிகோட்டில் கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனிக் குறியீடுகள் என்பதால் வரும் கோளாறு இது. பெயர்ப் பட்டியலை அகர வரிசைப்படுத்தினால் இன்னும் வேடிக்கை: ‘கனகா’ முன்னுக்கும் ‘கமலா’ பின்னுக்கும் வரும். நம் அகராதியில் கமலாதான் முதலில். னகரம் மெய்வரிசையில் கடைசி எழுத்து. யூனிகோட் அட்டவணையில் அதை நகரத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். பாடசாலை இடாப்பையோ வாக்காளர் பட்டியலையோ சரியான தமிழ் ஒழுங்கில் அடுக்கும் சின்னக் கருவி ஒன்றை எழுதி, ஏன் பிழைக்கிறது, எப்படித் திருத்தினேன் என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் விளக்கம் வைத்தால், நேர்முகத்தில் இருபது நிமிடம் பேச விஷயம் கிடைத்துவிடும். கேள்வி கேட்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் இன்னும் நல்லது.

தனியாகத் தொடங்கத் தயக்கமாக இருந்தால் ஏற்கெனவே நடப்பவற்றில் சேரலாம். எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் ஓப்பன்-தமிழ் என்ற பைத்தன் லைப்ரரி திறந்த மூலமாகவே கிடைக்கிறது. தமிழ்ச் சொற்களை உருபன்களாகப் பகுக்கும் தமிழிமோர்ஃப், நம் கணினி விஞ்ஞானத் துறை விரிவுரையாளர் சர்வேஸ்வரனின் ஆய்விலிருந்து வந்தது. இயற்கை மொழி ஆய்வில் ஆர்வமிருந்தால் அவருடைய கதவைத் தட்டுவதற்குக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. 2005இல் தொடங்கிய நூலக நிறுவனம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்தி வருகிறது. பழைய அச்சைக் கணினி வாசிக்கும்படி செய்வது முதல் தேடல் வரை அங்கே தொழில்நுட்ப வேலைக்குப் பஞ்சமில்லை. மொசில்லாவின் கொமன் வொய்ஸ் தமிழ்க் குரல்களைச் சேர்க்கிறது. உங்கள் பட்ச் முழுவதையும் கூட்டி ஒரு பின்னேரம் வாசிக்கவைத்தால் யாழ்ப்பாணப் பேச்சும் அதில் சேரும்.

மூன்றாம் வருடம்: கூகுள் சமர் ஒஃப் கோட்

திறந்த மூல மென்பொருள் நிறுவனங்களில் வழிகாட்டி ஒருவரோடு வேலை செய்பவர்களுக்குக் கூகுள் கொடுப்பனவு தரும் திட்டம் இது. இதில் நேரம் செலவழிக்கச் சொல்வதற்குக் காரணம், தெரிவில் நீங்கள் இருக்கும் இடத்தை இது கணக்கில் எடுப்பதில்லை. 2005இல் தொடங்கிய இந்தத் திட்டத்தின் முதல் பத்தாண்டில் உலகிலேயே அதிக மாணவர்கள் தெரிவான பல்கலைக்கழகம் மொறட்டுவை. அங்கே ஒரு வருடம் தெரிவானவர் அடுத்த பட்ச்சைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்தது அதற்குப் பெரிய காரணம் என்பேன். அதுவும் குப்பிதானே, நமக்கும் தெரிந்த வித்தை.

நாட்காட்டி இப்படிப் போகட்டும். நவம்பரில் முந்தைய வருடத்தில் பங்கெடுத்த நிறுவனங்களின் பட்டியலைப் பார்த்து இரண்டைத் தெரிவுசெய்யுங்கள். நீங்கள் ஏற்கெனவே பாவிக்கும் மென்பொருளாக இருந்தால் நல்லது. டிசம்பரில் அந்த மென்பொருளை உங்கள் மடிக்கணினியில் பில்ட் செய்து ஓடவையுங்கள். பெரிய திட்டமென்றால் பதிவிறக்கமே கிகாபைட் கணக்கில் போகும், கம்பஸ் வைஃபையில் செய்யுங்கள். பலர் நின்றுவிடும் இடம் இதுதான், ஆகவே இதைத் தாண்டினாலே பாதிப் போட்டி குறைந்துவிடும்.

பில்ட் செய்யும்போது எங்கே தடக்கினீர்களோ அந்த இடத்தை ஆவணத்தில் திருத்தி முதல் புல் ரிக்வெஸ்டை அனுப்புங்கள். பிறகு புதியவர்களுக்கென்று குறியிட்டு வைத்திருக்கும் சின்ன வழுக்களில் ஒன்றை எடுங்கள். கேள்வி கேட்கும்போது ‘சேர், இது வேலை செய்யவில்லை, உதவுங்கள்’ என்று எழுதினால் பதில் வராது. எந்தப் பதிப்பு, எந்தக் கட்டளை கொடுத்தீர்கள், வந்த பிழைச்செய்தி என்ன, நீங்கள் என்ன முயன்றீர்கள் என்ற நான்கையும் எழுதுங்கள். சேர், மெடம் தேவையில்லை. பெயர் சொல்லி எழுதுவது அங்கே மரியாதைக் குறைவல்ல.

பெப்ரவரி கடைசியில் அந்த வருடத்துக்கான நிறுவனப் பட்டியல் வரும். மார்ச்சில் முன்மொழிவு. மூன்று வரை அனுப்பலாம் என்றாலும் இரண்டுக்கு மேல் போகவேண்டாம். கிழமைக்குக் கிழமை என்ன முடிப்பீர்கள் என்று எழுதுங்கள், செமஸ்டர் சோதனை வரும் கிழமைகளை ஒளிக்காமல் சொல்லுங்கள். ஏஐயிடம் எழுதவைத்த முன்மொழிவை வழிகாட்டிகள் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள். முடிவு மே மாத அளவில் வரும். வேலை 90, 175, 350 மணித்தியாலம் என்று மூன்று அளவில் இருக்கும். கொடுப்பனவு அளவையும் நாட்டையும் பொறுத்தது, பேயோனியர் மூலம் வரும். இலங்கையில் பேபால் வழியாகப் பணம் பெற முடியாததால் இந்தக் கணக்கைத் திறந்துவைப்பது வேறு வேலைகளுக்கும் உதவும். 2022 முதல் மாணவராக இருக்கவேண்டும் என்ற விதியும் இல்லை, 18 வயது தாண்டிய, திறந்த மூலத்துக்குப் புதிய எவரும் விண்ணப்பிக்கலாம். தெரிவாகாவிட்டாலும் ஏற்றுக்கொள்ளப்பட்ட புல் ரிக்வெஸ்டுகள் உங்கள் பெயரில் இருக்கும்.

இன்டர்ன்ஷிப்

சிவி ஒரு பக்கம். அடையாள அட்டை இலக்கம், சமயம், தகப்பனின் பெயர், திருமண நிலை, ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் புள்ளி எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள். பெயருக்குக் கீழே கிட்ஹப் முகவரி. ஒவ்வொரு புரொஜெக்டுக்கும் கீழே நீங்கள் எழுதிய பகுதி எது என்று ஒரு வரி. குழுப் புரொஜெக்ட் என்றால் நேர்முகத்தில் முதலில் தோண்டுவது அதைத்தான். மற்றபடி தரவுக் கட்டமைப்பு, பொருள்நோக்கு நிரலாக்கம், எஸ்கியூஎல் ஜொயின் என்று வழமையான கேள்விகள். நண்பன் ஒருவனை முன்னால் இருத்தி ஆங்கிலத்தில் கேட்கச் சொல்லிப் போனில் பதிவுசெய்து கேளுங்கள். கேட்க வெட்கமாக இருக்கும், இருந்தாலும் கேளுங்கள்.

மருதானை ட்ரேஸ் நகரமோ தெமட்டகொட ஒரியன் சிற்றியோ, கொழும்பில் இடம் கிடைத்தால் போர்டிங் முற்பணம், சாப்பாடு, பஸ் எல்லாம் கூட்டிப் பார்த்து, கொடுப்பனவு எவ்வளவென்று சேருமுன்பே கேளுங்கள். கேட்பது பிழையில்லை. அலுவலகத்தில் சிங்களத்திலும் கதைப்பார்கள். சாப்பாட்டு மேசையில் இரண்டு வசனம் தெரிந்தாலே தனித்துப் போகமாட்டீர்கள். யாழ்ப்பாணத்திலேயே இருக்கும் நிறுவனங்களையும் குறைவாக நினைக்கவேண்டாம். சின்ன அலுவலகத்தில் வாடிக்கையாளரோடு பேசுவதிலிருந்து சேர்வரை ஏற்றுவது வரை எல்லாம் உங்கள் தலையில் விழும், ஆறு மாதத்தில் அதிகம் படிப்பீர்கள். வீட்டில் கொழும்புக்கு விடமாட்டோம் என்று சொல்லும் மாணவிகளுக்கு, வீட்டோடு சண்டை பிடித்து வருடத்தை வீணாக்குவதைவிட இங்கே தொடங்கி, கையில் வேலையோடு அந்தப் பேச்சை மறுபடி எடுப்பதே என் புத்திமதி.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. வாட்ஸ்அப்பிலும் லிங்க்ட்இன்னிலும் ‘சான்றிதழுடன் இன்டர்ன்ஷிப், பதிவுக் கட்டணம் மட்டும்’ என்று செய்தி வரும். வேலை செய்பவர்தான் சம்பளம் வாங்கவேண்டும், கட்டக்கூடாது. அப்படி ஏதாவது வந்தால் பணம் அனுப்புமுன் உங்கள் துறையில் தொழிற்பயிற்சிக்குப் பொறுப்பான விரிவுரையாளரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள், பட்ச் குழுமத்திலும் போட்டுவிடுங்கள்.