தோப்பூர்ப் போர்: ஓர் ஆய்வு

உள்நாட்டுப் போர் என்றவுடன் நம் மாணவர் நினைவுக்கு வருவது பெரும்பாலும் இங்கிலாந்தே. 1642இல் மூண்ட அப்போரின் மார்ஸ்டன் மூர், நேஸ்பி ஆகிய களங்களையும், 1649இல் முதலாம் சார்லசு மன்னன் தலை வெட்டுண்டதையும் தேர்வுக்காக மனனம் செய்கின்றனர். அதற்கு இருபத்தெட்டு ஆண்டுகள் முன்னரே, வேலூர்க் கோட்டையில் தொடங்கிக் காவிரிக் கரைவரை பரவிய உள்நாட்டுப் போரொன்று தமிழகத்தில் நிகழ்ந்தது. அதனை அறிந்தோர் நம்மிடையே மிகச் சிலரே. காடாம்புலியூர் வட்டாரத்தில் வாழ்வோருக்கோ அது அயலார் கதையும் அன்று. பாலாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட இந்நிலம் அன்று செஞ்சி நாயக்கரின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. செஞ்சி அப்போரில் தோற்ற தரப்பு.

1586 முதல் விசயநகரப் பேரரசை ஆண்ட இரண்டாம் வேங்கடபதி தேவராயர் 1614இல் மறைந்தார். மனைவியர் பலர் இருந்தும் அவருக்கு மகன் இல்லை. உடன்பிறந்தார் மகனான ஸ்ரீரங்கனையே அரசுரிமைக்கு அவர் தேர்ந்திருந்தார். ஆனால் அரசியருள் ஒருத்தி ஒரு சிறுவனைத் தன் மகனென வளர்த்து வந்தாள். அவளுடைய பிறந்தகத்தைச் சார்ந்த கொப்பூரி ஜக்கராயன் அச்சிறுவன் பக்கம் நின்று, ஸ்ரீரங்கனைக் குடும்பத்தோடு சிறையிலிட்டான். வேலுகோட்டி யாசம நாயக்கன் ஒருவனே உறுதியாக எதிர்த்தான். சிறையிலிருந்த பன்னிரண்டு வயது இராமதேவனைச் சலவைத் தொழிலாளி ஒருவர் அழுக்குத்துணி மூட்டையில் மறைத்து வெளியே கொணர்ந்து யாசமனிடம் சேர்த்தார் என்பது, போர்த்துக்கேயப் பாதிரியார் மனுவேல் பாரதாஸ் கொச்சியிலிருந்து 1616 டிசம்பர் 12ஆம் நாள் எழுதிய மடலால் தெரியவருகிறது. பேரரசின் வழித்தோன்றலைக் காத்தவர் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. ஸ்ரீரங்கனும் ஏனைக் குடும்பத்தாரும் சிறையிலேயே கொடிய முறையில் மாண்டனர்.

இதுவரை இஃது அரண்மனைப் பூசலே. இதனைப் பெரும் போராக்கியவர்கள் தெற்கத்திய நாயக்கர்கள். யாசமனிடம் தோற்றுத் தெற்கே வந்த ஜக்கராயனுக்கு மதுரை முத்துவீரப்பரும் செஞ்சி கிருஷ்ணப்பரும் துணை நின்றனர். அச்சிறுவனின் உரிமையில் அவர்களுக்கு அக்கறை இருந்ததெனக் கருத இயலவில்லை. வேலூரில் வலிய அரசன் அமர்ந்தால் திறை செலுத்த வேண்டும், அமராவிடில் வேண்டா. உண்மையான வழக்கு இதுவே எனலாம். தஞ்சை இரகுநாதர் மட்டும் இராமதேவனை ஆதரித்தார். அவருக்கும் செஞ்சிக்கும் வேறு பகையும் உண்டு. கொள்ளிடக் கழிமுகத்துத் தீவாகிய தேவிக்கோட்டையை ஆண்ட சோழகன் செஞ்சியைச் சார்ந்தவன். தோப்பூர்ப் போருக்கு முன்னரே இரகுநாதர் அத்தீவை முற்றுகையிட்டு வென்றார். ஒருகாலத்தில் வேங்கடபதியின் சிறையில் கிடந்த கிருஷ்ணப்பரைப் பரிந்து பேசி விடுவித்தவரும் இதே இரகுநாதர்தாம் என்பர் தஞ்சைப் புலவர். நன்றியும் பகையும் அக்காலத்தில் எத்துணை விரைவில் இடம் மாறின என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

படைகள் எதிர்ப்பட்ட தோப்பூர், திருச்சிராப்பள்ளிக்குக் கிழக்கே கல்லணையை அடுத்த இடம். தர்மபுரி மாவட்டத்து மலைக்கணவாயாகிய தொப்பூரோடு இதனை மயங்குதல் கூடாது. பெயரொற்றுமையால் அவ்வாறு மயங்குவோர் உளர். திருச்சிச் சமவெளியில் பத்து இலட்சம் வீரர் திரண்டதாகப் பாரதாஸ் எழுதுகிறார். இது மிகைக்கூற்று என்பது வெளிப்படை. எனினும் கண்டோரும் கேட்டோரும் எய்திய மலைப்பை அவ்வெண் காட்டுகிறது.

ஜக்கராயன் தரப்பார் காவிரி அணையை உடைத்தனர் என்று தஞ்சை அரசவைக் காவியம் கூறுகிறது. இச்செய்தியின் பொருளை உணர ஆற்றின் இயல்பை அறிதல் வேண்டும். திருவரங்கத் தீவைச் சுற்றிப் பிரிந்தோடும் காவிரியும் கொள்ளிடமும் கல்லணையருகே மீண்டும் நெருங்குகின்றன. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. இடையே அணை இல்லையேல் காவிரி நீர் கொள்ளிடத்தில் வழிந்து, வயல்களைத் தொடாமலே கடலுக்குப் போய்விடும். ஆகவே அணையை உடைத்தல் என்பது தஞ்சைக் கோட்டையின் மதிலைத் தொடாமலே தஞ்சை நாட்டை முற்றுகையிடுவதாகும். அரியணை வேலூரில் இருக்க, அதன் விலையைக் கொடுக்க வேண்டியவன் யார் என்று இங்கே தெளிவாகிறது: மடைத்தலையில் நீருக்குக் காத்திருந்த உழவன்.

போரில் ஜக்கராயன் கொல்லப்பட்டான். மதுரைப் படை சிதறியது. கிருஷ்ணப்பர் செஞ்சிக் கோட்டை தவிரப் பிற கோட்டைகளை இழந்தார். இராமதேவனுக்குக் கும்பகோணத்தில் இரகுநாதர் முடிசூட்டினார்.

இவ்வரலாற்றைக் கற்போர் சான்றுகளின் இயல்பையும் மறத்தலாகாது. இராமபத்ராம்பா என்னும் பெண்பாற் புலவர் இயற்றிய இரகுநாதாப்யுதயமும், யக்ஞநாராயண தீட்சிதரின் சாகித்திய ரத்நாகரமும் வடமொழியில் வென்றவரின் அவையில் எழுந்தவை. பாரதாஸ் மடலோ போரின் முடிவை அறியாமலே முடிந்துவிடுகிறது. அணையை உடைத்தவர் இன்னார் எனச் சொல்பவரும் வென்ற தரப்பினரே. செஞ்சியின் வாயிலிருந்து ஒரு சொல்லும் நமக்குக் கிடைக்கவில்லை. எனவே 'துரோகி' என்னும் பட்டத்தைக் கிருஷ்ணப்பருக்குச் சூட்டுமுன் சற்றே நின்று சிந்திப்பது ஆய்வாளர் கடன்.

போர் தோப்பூரோடு ஓயவில்லை. ஜக்கராயனின் தம்பி எதிராசன் தொடர்ந்து போரிட்டான். இறுதியில் அவன் மகளையே இராமதேவன் மணந்ததால் இரு தரப்பும் இணங்கின. 1632வரை இராமதேவன் ஆண்டான். ஆனால் பேரரசின் பழைய வலிமை மீளவில்லை. 1642இல் பட்டமேறிய மூன்றாம் ஸ்ரீரங்கன் நாயக்கர்களை அடக்க முயன்றபோது, மதுரைத் திருமலை நாயக்கர் கோல்கொண்டா சுல்தானின் உதவியை நாடினார். பேரரசின் முடிவை மதப்போராகச் சித்திரிப்போர் இச்செய்தியைப் பெரும்பாலும் சொல்லாமல் விடுகின்றனர். தோப்பூர்க் களத்தில் எதிரெதிர் நின்ற அரசர் அனைவரும் ஒரே சமயத்தவர். அணையை உடைத்தோரும் உடைந்ததால் வாடியோரும் அத்தகையோரே. 1640களின் இறுதியில் செஞ்சி பீஜப்பூர்ப் படையிடம் வீழ்ந்தது. நாயக்கர் ஆட்சி அங்கே அத்துடன் முடிவுற்றது.