வாய் வறட்சியும் வாய் நாற்றமும்: நீண்டநாள் நோயோடு வாழ்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சர்க்கரை, பிரஷர், சிறுநீரகக் கோளாறு என்று எதற்காவது வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். கால் மரத்துப்போவதை, மலச்சிக்கலை, தூக்கம் வராததை. வாய் நாறுகிறது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். பேசும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள், பேரப்பிள்ளை மடியில் ஏறினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பிறகு மெடிக்கல் ஷாப்பில் பெரிய மவுத்வாஷ் பாட்டிலாகப் பார்த்து வாங்கிவருவார்கள்.

மவுத்வாஷ் கடைசிப் படி. அதற்கு முன் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்குக் காசே ஆகாது. முதல் படியிலிருந்து வரிசையாகப் போவோம்.

என்ன நடக்கிறது?

நலமாக இருக்கும் ஒருவருக்கு ஒரு நாளில் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கிறது. பல்லிடுக்கில் தங்கும் உணவைக் கழுவுவது, அமிலத்தைச் சமன்செய்வது, கிருமிகளைக் கட்டுக்குள் வைப்பது எல்லாம் அதன் வேலை. எச்சில் குறைந்தால் நாக்கின் பின்பகுதியிலும் ஈறு இடுக்கிலும் ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்களுக்குக் கொண்டாட்டம். புரதத் துணுக்குகளை அவை சிதைக்கும்போது ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தைல் மெர்காப்டன் போன்ற கந்தக வாயுக்கள் வெளிவருகின்றன. அழுகிய முட்டை வாடை முதலாவதினுடையது.

தூங்கும்போது எச்சில் கிட்டத்தட்ட நின்றுவிடும். காலையில் எழுந்ததும் எல்லோருக்கும் வாய் நாறுவது அதனால்தான். வாய் வறட்சி உள்ளவர்களுக்கு அந்தக் காலை நிலைமை பகல் முழுக்க நீடிக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

‘வயிறு சரியில்லை, அதான் வாய் நாறுது’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் பெரும்பாலான வாய் நாற்றம் வாயிலேயே பிறக்கிறது. வயிற்றுக்கு மருந்து தேடி அலைவதற்கு முன் நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்ப்பது நல்லது.

நம்மில் யாருக்கு இது வரும்?

சர்க்கரை நோயாளிகளை முதலில் சொல்ல வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் சிறுநீர் அதிகம் போகும், உடம்பில் நீர் குறையும், வாய் காயும். அதோடு ஈறு நோயும் அவர்களுக்குச் சீக்கிரம் வரும். வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கு எச்சில் சுரப்பிகளே பாதிக்கப்பட்டிருக்கலாம். சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸில் இருப்பவர்கள், ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் உபயோகிப்பவர்கள், மனநல மாத்திரை எடுப்பவர்கள் எல்லோரும் இந்தப் பட்டியலில் உண்டு. வாயோடு சேர்ந்து கண்ணும் காய்ந்து மணல் விழுந்ததுபோல் உறுத்தினால், ஷோகிரன் என்ற நோய் இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

நம் வாய் வாசனை நம் மூக்குக்குத் தெரியாது, பழகிப்போயிருக்கும். ஒரு ஸ்பூனைக் கவிழ்த்து, அதன் விளிம்பால் நாக்கின் பின்பகுதியை மெல்ல ஒருமுறை வழியுங்கள். வெள்ளையாகவோ மஞ்சளாகவோ பிசுபிசுப்பாக ஒட்டிவரும். சில நொடி கழித்து முகர்ந்து பாருங்கள். எதிரில் நிற்பவருக்கு வரும் வாடை ஏறத்தாழ அதுதான். இதைவிட நம்பகமான வழி, வீட்டில் ஒருவரிடம் நேராகக் கேட்பது. கூச்சமாக இருக்கும். ஆனால் சிலருக்கு நாற்றமே இருக்காது, இருப்பதாகப் பயம் மட்டும் இருக்கும். அதுவும் கேட்டால்தான் தெரியும்.

வறட்சிக்கு ஒரு மேரி பிஸ்கட் போதும். தண்ணீர் குடிக்காமல் அதை மென்று விழுங்க முடிகிறதா? இரவில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு விழிப்பு வருகிறதா? பேசும்போது உதடு பல்லில் ஒட்டுகிறதா, எச்சில் நுரையாக வருகிறதா? ஒன்றிரண்டு கேள்விக்கு ‘ஆமாம்’ என்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

முதல் படி: மாத்திரைப் பையைக் கொட்டுங்கள்

எல்லோர் வீட்டிலும் ஒரு துணிக்கடைப் பை இருக்கும். அதில் ரப்பர் பேண்ட் போட்ட அட்டைகள், பாதி கிழிந்த ஸ்ட்ரிப்புகள், எப்போதோ சளிக்கு வாங்கியது, இடுப்பு வலிக்கு வாங்கியது. அத்தனையையும் மேஜையில் கொட்டி, பெயர், அளவு, எந்த நேரத்தில் எடுக்கிறோம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். இந்த வழிகாட்டியிலேயே அதிகப் பலன் தருவது இந்த அரை மணி நேர வேலைதான் என்பேன்.

வாயை உலர்த்தும் மருந்துகள் ஏராளம். நரம்பு எரிச்சலுக்குத் தரும் அமிட்ரிப்டிலின், சளி அலர்ஜிக்கான குளோர்பெனிரமின், செட்ரிசின், சிறுநீர் பிரிக்கும் ஃபுரோசமைட், பார்கின்சனுக்கான டிரைஹெக்ஸிபெனிடில், அடிக்கடி சிறுநீர் வருவதற்கான ஆக்ஸிபியூட்டினின் ஆகியவை அடிக்கடி கண்ணில் படுபவை. பிரஷருக்குப் பலரும் எடுக்கும் அம்லோடிபின் சிலருக்கு ஈறுகளை வீங்கவைக்கும். வீங்கிய ஈறில் அழுக்கு சேர்ந்து நாற்றம் வரும். மெட்ஃபார்மின் வாயில் உலோகச் சுவையை உண்டாக்கலாம்.

படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நாமாக நிறுத்தக் கூடாது. தாளை டாக்டரிடம் நீட்டி, ‘இதில் எது வாயை உலர்த்துகிறது, மாற்ற முடியுமா, அளவைக் குறைக்க முடியுமா, நேரத்தையாவது மாற்றலாமா?’ என்று கேட்போம். சளி மாத்திரை போன்ற சில தேவையே இல்லாமல் தொடர்ந்துகொண்டிருக்கும். அவை அன்றே போய்விடும்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டம் பெரிய வசதி. ஆனால் மாத்திரை வாசலுக்கு வந்துவிடுவதால் டாக்டர் முகத்தைப் பார்ப்பது சிலருக்குக் குறைந்துவிட்டது. வருகிற சுகாதாரத் தன்னார்வலரிடம் வாய் காய்வதைச் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எப்போது போகலாம் என்று கேட்டுப் போய்வாருங்கள்.

இரண்டாம் படி: நாக்கும் பல்லும்

ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்டால் காலையும் இரவும் இரண்டு நிமிடம். டப்பாவில் 1000 பிபிஎம் அல்லது அதற்கு மேல் என்று இருக்கிறதா பாருங்கள். எச்சில் குறைந்த வாயில் சொத்தை வேகமாகப் பரவும், அதுவும் ஈறு ஓரத்தில். அதனால் ஃபுளோரைடு நமக்கு அவசியம். துலக்கி முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும். வாயைத் திரும்பத் திரும்பக் கொப்பளித்து அதைக் கழுவிவிட வேண்டாம். வாய் எரிகிறது என்றால் சோடியம் லாரில் சல்பேட் இல்லாத பேஸ்ட் கேட்டு வாங்கலாம்.

நாக்கு வழிப்பதை நம் ஊரில் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் பலர் முன்பாதியை மட்டும் வழித்துவிட்டு விடுகிறார்கள். கந்தக வாயு பிறப்பது பின்னால். நாக்கை நன்றாக நீட்டி, மூச்சை மெல்ல வெளியே விட்டபடி, முடிந்த அளவு பின்னாலிருந்து முன்னால் இழுங்கள், குமட்டல் குறையும். நாலைந்து இழுப்பு போதும். ரத்தம் வரும்படி சுரண்டினால் புண்தான் மிஞ்சும்.

பல்செட் போட்டிருப்பவர்கள் இரவில் கழற்றித் தேய்த்து, தண்ணீரில் போட்டுவைக்க வேண்டும். அதைப் போட்டுக்கொண்டே தூங்கினால் அதன் அடியில் பூஞ்சை வளரும்.

மூன்றாம் படி: ஈரத்தை மீட்போம்

தண்ணீரை மடமடவென்று ஒரு செம்பு குடிப்பதைவிட, பாட்டிலைப் பக்கத்தில் வைத்து அடிக்கடி ஒரு மடக்கு குடிப்பது வாய்க்கு நல்லது. அரை மணிக்கு ஒருமுறை வாயில் சற்றே வைத்திருந்து விழுங்குங்கள். சாப்பாட்டை ரசம், மோர், குழம்பு என்று தளரப் பிசைந்தால் விழுங்குவது எளிது.

மென்றால் எச்சில் சுரக்கும். சர்க்கரை இல்லாத, சைலிட்டால் கலந்த சூயிங்கம் கிடைத்தால் நல்லது. அளவு மீறினால் வயிற்றுப்போக்கு வரும். கிடைக்காவிட்டால் ஒரு ஏலக்காயோ கொஞ்சம் சோம்போ மெல்லலாம். நெல்லிக்காய் எச்சிலை ஊறவைக்கும், சரிதான். ஆனால் உப்புத் தொட்டுச் சாப்பிட்டால் பிரஷர்காரர்களுக்கு ஆகாது. புளிப்பையே நாள் முழுக்க வாயில் அடக்கிக்கொண்டிருந்தால் பல்லும் அரிக்கும். எலுமிச்சைத் துண்டை சப்புகிறவர்களுக்கும் இதேதான்.

வீட்டிலேயே ஒரு கொப்பளிப்பு நீர் தயாரிக்கலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா, ஒரு சிட்டிகை உப்பு. சாப்பிட்டபின் கொப்பளித்துத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. அமிலத்தைக் குறைக்கும், பிசுபிசுப்பைக் கரைக்கும். இன்ஹேலர் உறிஞ்சிய ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரிலாவது கொப்பளித்துத் துப்பிவிடுங்கள்.

ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வாயை இன்னும் உலர்த்தும். வாங்குவதானால் ‘ஆல்கஹால் இல்லாதது’ என்று கேளுங்கள். குளோர்ஹெக்ஸிடின் வீரியமானது, பல் மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும். தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கில் ருசியும் மாறும்.

டயாலிசிஸில் இருப்பவர்களுக்குத் தனியாக

மேலே சொன்ன ‘அடிக்கடி தண்ணீர்’ உங்களுக்குப் பொருந்தாது. டாக்டர் கொடுத்த அளவு, சிலருக்கு ஒரு லிட்டர் அல்லது அதற்கும் கீழே, அதுதான் கணக்கு. அந்தத் தண்ணீரில் ஒரு பங்கைச் சின்ன ஐஸ் கட்டிகளாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சப்பினால் நெடுநேரம் ஈரம் நிற்கும். ஐஸும் கணக்கில் சேரும் என்பதை மறக்கக் கூடாது. குளிர்ந்த தண்ணீரில் கொப்பளித்துத் துப்புவதில் கணக்கு இல்லை. தாகத்தைக் கிளப்புவது உப்பு. ஊறுகாய், அப்பளம், கருவாடு குறைந்தால் தாகமும் குறையும்.

‘இளநீர் குடிங்க, வாய் நனையும்’ என்று யாராவது அன்பாகச் சொல்வார்கள். வேண்டாம். இளநீரில் பொட்டாசியம் அதிகம். வெளியேற்ற முடியாத சிறுநீரகத்தோடு அது இதயத் துடிப்பையே குலைக்கும்.

நான்காம் படி: பல் மருத்துவர்

இரண்டு வாரம் இதையெல்லாம் செய்தும் நாற்றம் போகவில்லையா? ஈறில் ரத்தம் வருகிறதா? பல் மருத்துவரிடம் போவோம். ஈறுக்கு அடியில் கெட்டிப்பட்ட காரையை எந்த பிரஷாலும் எடுக்க முடியாது. ஸ்கேலிங் செய்தாக வேண்டும். சர்க்கரைக்காரர்களுக்கு இதில் ஒரு கூடுதல் லாபம் உண்டு. ஈறு நோய்க்கு முறையாக சிகிச்சை எடுத்தால் அடுத்த மூன்று நான்கு மாதத்தில் ஹெச்பிஏ1சி அளவு சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி அளவுக்குக் குறைவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

மாத்திரை எழுதிய அந்தத் தாளை இங்கேயும் கொண்டுபோங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுத்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நாமாக நிறுத்திவிட்டுப் போகக் கூடாது. டயாலிசிஸ் நாளன்று போகாமல் மறுநாள் போவது நல்லது.

எவ்வளவு ஆகும்?

எல்லாம் உத்தேசம்தான், ஊருக்கு ஊர் மாறும். நாக்கு வழிப்பான் பிளாஸ்டிக்கில் ஐம்பது ரூபாய்க்குள், ஸ்டீலில் நூறு சொச்சம். ஸ்டீலை ஒருமுறை வாங்கினால் பல வருஷம் வரும். சமையல் சோடா அடுப்படியிலேயே இருக்கும். செயற்கை எச்சில் திரவம் மருந்துக்கடையில் சில நூறு ரூபாய். இரவில் தூங்கப் போகும்முன் உபயோகித்தால் கொஞ்ச நேரமாவது தாங்கும். தனியார் கிளினிக்கில் ஸ்கேலிங்குக்கு 500 முதல் 1500 ரூபாய் வரை கேட்பார்கள்.

கையில் பணம் இல்லை என்பதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. சென்னையில் கோட்டை ரயில் நிலையம் அருகே அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தனியார் பல் கல்லூரிகளிலும் மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் குறைந்த கட்டணத்தில் செய்வார்கள். காலையிலேயே போய்விட வேண்டும், கூட்டம் இருக்கும்.

எச்சரிக்கை

சில வாடைகளுக்கு வாய் காரணமில்லை. சர்க்கரை நோயாளியின் மூச்சில் அழுகிய பழம் அல்லது நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை வந்து, கூடவே வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு இருந்தால் கீட்டோன் ஏறியிருக்கலாம். நாள் கடத்தாமல் 108-ஐ அழையுங்கள். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு, மீட்டரில் சர்க்கரை அதிகம் காட்டாதபோதும் இது வரலாம். மூச்சில் சிறுநீர் வாடை, அதாவது அம்மோனியா வாடை வந்தால் சிறுநீரகத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

நாக்கில் வெள்ளைப் படை, துடைத்தால் சிவந்து எரிகிறது என்றால் பூஞ்சையாக இருக்கலாம்; மருந்து உண்டு, சீக்கிரம் குணமாகும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறப்பது குறைவது எதையும் அலட்சியம் செய்யக் கூடாது.

நாற்றத்தை மறைக்கப் பாக்கு, பான் மசாலா, புகையிலை என்று போகிறவர்களைப் பார்க்கிறோம். புகையிலை இல்லாத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும். கரித்தூள், செங்கல் பொடி, உப்பு வைத்து அழுத்தித் தேய்த்தால் எனாமல் தேயும்; எச்சில் குறைந்த வாயில் அந்த இழப்பைச் சரிசெய்யவும் வழி குறைவு.

அடுத்த மாதம் சர்க்கரை டாக்டரிடமோ சிறுநீரக டாக்டரிடமோ போகும்போது அவராகக் கேட்பார் என்று காத்திருக்காதீர்கள். மாத்திரைத் தாளை முதலில் நீட்டி, ‘வாய் காயுது டாக்டர், வாடையும் வருது’ என்று சொல்லிவிட்டு, பிறகு ரிப்போர்ட்டைக் காட்டுங்கள்.