ஏலத்தில் வெள்ளியும் கடிகாரமும்

ஏலம் என்றதும் நம் வீட்டுப் பெண்களுக்கு வட்டிக்கடையில் மூழ்கிப்போன நகைதான் நினைவுக்கு வரும். அதனால் ஏலம் என்பதே மார்க்கத்துக்கு ஒவ்வாத வியாபாரம் என்று கருதுவோர் உண்டு. அது சரியன்று. கண்மணி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களே தம் திருக்கரத்தில் பொருளை வைத்துக்கொண்டு ஏலம் விட்டிருக்கிறார்கள்.

ஹஜ்ரத் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி அபூதாவூத், திர்மிதி, இப்னு மாஜா ஆகிய நூல்களில் காணப்படுகிறது. அன்சாரிகளில் ஓர் ஏழை உதவி கேட்டு வந்தார். வீட்டில் ஏதேனும் இருக்கிறதா என்று நாயகம் (ஸல்) வினவினார்கள். பாதியை உடுத்திப் பாதியை விரித்துக்கொள்ளும் ஒரு கம்பளமும், தண்ணீர் குடிக்கும் ஒரு பாத்திரமும் உண்டு என்றார். இரண்டையும் கொண்டுவரச் செய்து, வாங்குவோர் யார் என்று கேட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் என்றார். அதற்கு மேல் தருபவர் உண்டா என்று இரண்டு மூன்று தடவை கேட்ட பின், இன்னொருவர் இரண்டு திர்ஹம் தந்து எடுத்துக்கொண்டார். அந்த இரண்டு திர்ஹத்தில் ஒன்று வீட்டாரின் உணவுக்கும் மற்றொன்று கோடரிக்கும் போயிற்று. கோடரிக்கு நாயகம் (ஸல்) அவர்களே காம்பு மாட்டிக் கொடுத்து, பதினைந்து நாள் கண்ணில் படாமல் விறகு வெட்டி விற்கச் சொன்னார்கள். அவர் பத்து திர்ஹத்துடன் திரும்பி வந்தார்.

இதை வைத்தே நம் இமாம்கள் ஏலத்தை ஆகுமானது என்றார்கள். ஆரம்ப காலத்தில் கருத்து வேறுபாடு இல்லாமல் இல்லை. இப்ராஹீம் நகஈ (ரஹ்) ஏலத்தையே வெறுத்தார்கள். அவ்ஸாயீ (ரஹ்) போர்ப்பொருள், வாரிசுச் சொத்து ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டார்கள். பிற்பாடு நான்கு மத்ஹபின் பெரும்பாலான உலமாக்களும் எல்லாப் பொருளுக்கும் கூடும் என்றே தீர்ப்பளித்தார்கள். ஒருவர் பேசி முடித்த வியாபாரத்தில் இன்னொருவர் குறுக்கிடக்கூடாது என்ற ஹதீஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். பொருளுடையவர் ஒரு விலைக்கு இணங்கிவிட்ட பின் குறுக்கிடுவதைத்தான் அது தடுக்கிறது. ஏலத்தில் மூன்று தரம் சொல்லிச் சுத்தியல் விழும்வரை அவர் யாருக்கும் இணங்கவில்லை. (ஏலச்சீட்டு என்று நம்மூரில் நடப்பது வேறு சங்கதி. அங்கே ஏலம் போவது பொருளன்று, பணம். பணத்துக்குப் பணத்தைத் தள்ளுபடி கூறி எடுப்பதை இந்தக் கம்பள ஹதீஸோடு சேர்த்துப் பேசக்கூடாது.)

இக்காலத்தில் பழைய வெள்ளிச் சாமான், பழங்காசு, பைக்கடிகாரம், கைக்கடிகாரம் போன்றவற்றுக்கு உலகெங்கும் பெரிய ஏலங்கள் நடக்கின்றன. லண்டனில் சோதபீஸ் 1744-லும், கிறிஸ்டீஸ் 1766-லும் தொடங்கப்பட்டவை. நியூயார்க்கைச் சேர்ந்த ஹென்றி கிரேவ்ஸ் என்ற செல்வந்தருக்காக படேக் பிலிப் கம்பெனி செய்து 1933-ல் ஒப்படைத்த தங்கப் பைக்கடிகாரம் ஒன்று, 2014-ல் ஜெனிவா நகரில் 2 கோடியே 32 லட்சம் சுவிஸ் பிராங்குக்குப் போயிற்று. நம்மவர்க்கு அந்த உயரம் வேண்டாம். ஆனால் பாட்டியார் விட்டுச் சென்ற பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும் வாப்பாவின் கைக்கடிகாரமும் இன்று ஏலக்கடைக்குப் போகின்றன. கையிலுள்ள போனிலேயே கேள்வி கேட்டு எடுக்கும் ஏலங்களும் வந்துவிட்டன. ஆகவே சட்டம் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது.

முதல் ஆபத்து நஜ்ஷ். வாங்கும் எண்ணமே இல்லாமல், அடுத்தவரை ஏற்றிவிடுவதற்காக விலை கூட்டிக் கேட்பதற்கு அரபியில் அப்படிப் பெயர். இதை நாயகம் (ஸல்) தடுத்ததாக புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வந்துள்ளது. பொருளுடையவர் தம் மைத்துனரைக் கூட்டத்தில் நிறுத்தி வைத்துக் கேட்கச் சொல்வது இதுதான். ஏலம் கூறுபவர் கேட்காத கேள்வியைக் கேட்டதாகச் சொல்வதும் இதுதான். மேல்நாட்டு ஏலக்கூடங்களில் ஒரு வழக்கம் உண்டு. உடையவர் இரகசியமாக வைத்த குறைந்தபட்ச விலையை எட்டும்வரை, ஏலம் கூறுபவர் கூரையில் தொங்கும் சரவிளக்கைப் பார்த்தும் சுவரைப் பார்த்தும் கேள்வி வந்ததுபோல் எண்ணிக்கொண்டே போவார். அங்கே தொழிலில் உள்ளவர்கள் இதைப் பெரிய தவறாகக் கருதுவதில்லை. நம் ஷரீஅத்தில் அது பொய். குறைந்தபட்ச விலை வைப்பதில் குற்றமில்லை; அந்த விலைக்கு வராவிட்டால் உடையவர் கொடுக்க மறுத்துவிடலாம். இல்லாத ஆளை இருப்பதாகக் காட்டுவதுதான் ஹராம்.

அப்படிப் பொய்க் கேள்வியால் ஏமாந்து எடுத்தவரின் நிலை என்ன? இமாம் மாலிக் (ரஹ்), இமாம் அஹ்மத் (ரஹ்) மத்ஹபுகளில் அவர் பொருளைத் திருப்பிக் கொடுக்க வழியுண்டு. ஷாபிஈ மத்ஹபின் பலமான சொல்லில் பாவம் ஏமாற்றியவருக்கு, வியாபாரம் செல்லும், விசாரிக்காமல் எடுத்தது அவருடைய குறை. ஹனஃபியிலும் வியாபாரம் செல்லும், செயல் மக்ரூஹ் தஹ்ரீம். இந்திய நாட்டுச் சட்டமோ இதில் மாலிக் (ரஹ்) அவர்களின் பக்கம் நிற்கிறது. 1930-ம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் 64-ம் பிரிவில், விற்பவர் பொய்க் கேள்வியால் விலை ஏற்றியிருந்தால் வாங்கியவர் விரும்பினால் வியாபாரத்தை ரத்துச் செய்யலாம் என்றிருக்கிறது. சுத்தியல் விழுவதற்கு முன் கேட்டவர் தம் கேள்வியை வாபஸ் பெறலாம் என்பதும் அதே பிரிவில் உண்டு. ஈஜாபும் கபூலும் கூடிய பிறகே வியாபாரம் என்ற நம் ஃபிக்ஹுக்கு அது ஒத்துவருகிறது.

இதன் மறுபக்கத்தையும் மறந்துவிடக்கூடாது. வாங்க வந்த வியாபாரிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு, ஒருவர் மட்டும் கேட்டு அடிமாட்டு விலைக்கு எடுத்து, பிறகு தனியே கூடிப் பங்கு போட்டுக்கொள்வார்கள். பிரிட்டனில் இதற்கென்றே 1927-ல் தடைச் சட்டம் போட வேண்டியிருந்தது. விதவை ஒருத்தி தன் வெள்ளித் தட்டை விற்க வந்திருக்கும்போது இதைச் செய்கிறவர் யார் வீட்டில் கொள்ளையடிக்கிறார் என்று யோசிக்க வேண்டும்.

ஏலக்கடையின் கூலி பற்றி ஒரு சொல். 1975 முதல் லண்டனின் பெரிய கடைகள் விற்பவரிடம் மட்டுமன்றி வாங்குபவரிடமும் நூற்றுக்கு இவ்வளவு என்று வாங்கி வருகின்றன. மற்றக் கடைகளுக்கும் அது பரவிவிட்டது. எவ்வளவு என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால் குற்றமில்லை. சுத்தியல் விழுந்த பிறகு தெரிய வந்தால் விலையே தெரியாமல் வாங்கியதாகிவிடும்.

பொருளைப் பார்த்து அறிவது வாங்குபவர் கடமை. குறையைச் சொல்வது விற்பவர் கடமை. குறையை மறைத்து விற்பது முஸ்லிமுக்கு ஹலாலில்லை என்பது உக்பா பின் ஆமிர் (ரலி) வாயிலாக வந்த ஹதீஸின் கருத்து. பார்க்காத பொருளை வாங்குவது ஷாபிஈயில் பலமான சொல்லின்படி செல்லாது. ஹனஃபியில் செல்லும், ஆனால் பார்த்த பின் மறுக்க உரிமையுண்டு. படத்தை மட்டும் பார்த்து ஏலம் எடுப்போர் இதைக் கவனிக்கட்டும். வெள்ளி போலிருப்பதெல்லாம் வெள்ளியன்று. 'ஜெர்மன் சில்வர்' என்பது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. அதில் குன்றிமணி வெள்ளியும் கிடையாது. ஈ.பி.என்.எஸ். என்று அடித்திருந்தால் அந்தக் கலவைக்கு மேல் மின்சாரத்தால் வெள்ளி முலாம் பூசியது என்று பொருள். உண்மையான ஆங்கிலேய ஸ்டெர்லிங் வெள்ளியில் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. நடக்கும் சிங்கம், சோதித்த ஊரின் முத்திரை (பர்மிங்ஹாமுக்கு நங்கூரம்), ஆண்டைக் குறிக்கும் எழுத்து ஆகியவை வரிசையாக இருக்கும். சிறு கரண்டியின் முத்திரையை வெட்டியெடுத்துப் பெரிய பாத்திரத்தில் பற்றவைத்த மோசடிகளும் உண்டு. கடிகாரத்திலும் அப்படியே. பெங்களூர் எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலை மூடப்பட்டு, 2016-ல் அந்தக் கம்பெனியையே மூட அரசு முடிவெடுத்தபின், பழைய எச்.எம்.டி. கடிகாரங்களைத் தேடுவோர் பெருகினர். முகப்புக்குப் புதிதாக வண்ணம் அடித்து, மூன்று கடிகாரங்களின் உறுப்புகளை ஒன்றாக்கி, அசல் என்று விற்பவர்களும் பெருகினர். மாற்றியிருந்தால் மாற்றியது என்று சொல்லி விற்கலாம். சொல்லாமல் விற்ற பணத்தில் பரக்கத்தை எதிர்பார்க்க முடியாது.

இனி வெள்ளிக்கே உரிய மஸ்அலா. ஏலம் எடுப்போரில் பலர் அறியாதது இதுதான்.

முஆவியா (ரலி) அவர்கள் தலைமையில் சென்ற போர் ஒன்றில் வெள்ளிப் பாத்திரங்கள் கிடைத்தன. வீரர்களுக்குப் பின்னால் வரவேண்டிய மானியத்தின் பேரில் அவற்றை விற்றுவிடச் சொன்னார்கள். மக்கள் முண்டியடித்து வாங்கினார்கள். செய்தி உபாதா பின் ஸாமித் (ரலி) அவர்களுக்கு எட்டியது. பொன்னுக்குப் பொன், வெள்ளிக்கு வெள்ளி என்றால் சரிக்குச் சரியாகவும் கைக்குக் கையாகவும் இருக்க வேண்டும், கூட்டினால் அது வட்டி என்ற நபிமொழியை எழுந்து நின்று அறிவித்தார்கள். வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். முஸ்லிம் கிரந்தத்தில் உள்ள செய்தி இது.

நாம் ரூபாய் நோட்டுக்கு வெள்ளி வாங்குகிறோம். இனம் வேறு, ஆகவே எடையைவிட எவ்வளவு கூடுதல் விலை கொடுத்தாலும் வட்டியாகாது. வேலைப்பாட்டுக்கும் பழமைக்கும் விலை கொடுக்கலாம். ஆனால் 1986-ல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, காகித நோட்டும் பொன் வெள்ளியைப் போன்ற நாணயமே என்று முடிவு செய்தது. அதன்படி வெள்ளியையும் பணத்தையும் ஒரே அமர்வில் மாற்றிக்கொள்ள வேண்டும். ஏழு நாளில் பணம் கட்டலாம், தவணையில் கட்டலாம் என்னும் ஏலக்கடை வசதி கடிகாரத்துக்குச் சரி, வெள்ளிக்கு ஒத்துவராது. ஹனஃபி உலமாக்களில் சிலர் ஒரு பக்கம் கைமாறினால் போதும் என்கிறார்கள். பேணுதலாக இருக்க விரும்புவோர் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தே பொருளைக் கையில் வாங்கிக்கொள்ளட்டும்.

பழங்காசு சேர்ப்போருக்கும் இது பொருந்தும். அரிதான ஒரு வெள்ளி ரூபாய்க்குச் சாதாரண வெள்ளி ரூபாய் ஐந்து கொடுத்து மாற்றுவது கூடாது. மட்டமான பேரீச்சம்பழம் இரண்டு மரக்கால் கொடுத்து நல்ல பழம் ஒரு மரக்கால் வாங்கியவரிடம், மட்டத்தைக் காசுக்கு விற்று அந்தக் காசில் நல்லதை வாங்கும்படி நாயகம் (ஸல்) வழி சொன்னார்கள். அப்படியே ஐந்தையும் விற்று, அந்தப் பணத்தில் அரியதை வாங்க வேண்டும்.

எடுத்து வந்த வெள்ளிப் பாத்திரத்தை என்ன செய்வது? அதில் உண்பதும் பருகுவதும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஹராம். ஷாபிஈ மத்ஹபின் சரியான சொல்லில், புழங்காமல் அலமாரியில் அடுக்கி வைப்பதும் கூடாது. விற்பது செல்லும், ஏனெனில் உருக்கினால் வெள்ளி வெள்ளிதானே. ஹனஃபிகளில் பலர், புழங்காமல் வைத்திருப்பதற்கு இடம் தருகிறார்கள். கலியாண வீட்டில் பன்னீர் தெளிக்கும் வெள்ளிச் செம்பும் புழக்கத்தில் சேர்ந்ததே. ஷாபிஈ நூல்களில் பன்னீருக்கென்றே ஓர் உபாயம் சொல்லப்பட்டிருக்கிறது: முதலில் இடக்கையில் ஊற்றி, அதிலிருந்து வலக்கைக்கு மாற்றிப் பூசிக்கொள்வது. புழங்கிய பாவம் அதனால் நீங்கும். வைத்திருக்கும் பாவம் நீங்காது என்று அங்கேயே எழுதியிருக்கிறார்கள். கண்ணாடிச் செம்பு வாங்கிக்கொண்டால் இந்தச் சிரமமெல்லாம் இல்லை!

ஆண்களுக்குத் தங்கக் கடிகாரம் ஹராம். மனைவி மக்களுக்கு ஆகும். முலாம் பூசியது என்றால், தீயில் காட்டினால் தங்கம் பிரிந்து சேருமா என்று பார்க்க வேண்டும். சேராத மெல்லிய பூச்சானால் அணிவதில் குற்றமில்லை. வெள்ளிக் கூடுள்ள பைக்கடிகாரம் ஆண்களுக்கு வேண்டாம்; மோதிரத்துக்குத் தந்த சலுகையை அதற்கும் நீட்ட முடியாது.

பாத்திரமாக இருக்கும் வெள்ளிக்கு இரண்டு மத்ஹபிலும் ஜகாத் உண்டு. நிஸாபு சுமார் 595 கிராம். நம் ஹனஃபி உலமாக்கள் 612 கிராம் என்று கணக்கிடுவர். ஷாபிஈயில் கலப்பை நீக்கிச் சுத்த வெள்ளியை மட்டும் கணக்கிட வேண்டும். ஸ்டெர்லிங் பாத்திரமானால் சுமார் 644 கிராம் இருந்தால்தான் நிஸாபு நிறையும். ஹனஃபியில் வெள்ளியே மிகுதியானால் முழு எடையும் வெள்ளிதான். விற்பனைக்கென்றே வாங்கிச் சேர்த்த கடிகாரங்களுக்கு வியாபாரச் சரக்கு என்ற முறையில் அன்றைய விலையில் நாற்பதில் ஒன்று. கையில் கட்டும் சாதாரணக் கடிகாரத்துக்கு ஒன்றுமில்லை.

கடைசியாக வீட்டுக்குள் நடக்கும் ஏலம். வாப்பா மவுத்தாகிவிடுகிறார், மூத்தவர் கடிகாரத்தை 'நினைவாக' எடுத்துக்கொள்கிறார், மருமகள் சந்தனக் கிண்ணத்தை உள்ளே வைத்துவிடுகிறாள். கேட்டால் அற்பப் பொருளுக்கு ஏன் பேச்சு என்பார்கள். அற்பமோ பெரிதோ, கடனும் வஸிய்யத்தும் போக எல்லாமே வாரிசுகள் அனைவருக்கும் பொது. வெட்டிப் பங்கிட முடியாத பொருளை வாரிசுகளுக்குள்ளேயே ஏலம் விடுவது நல்ல வழி. மூன்று ஆண்மக்களும் ஒரு பெண்ணும் மட்டும் வாரிசுகள் என்றால் ஏழு பங்கு. மூத்தவர் கடிகாரத்தை 14,000 ரூபாய்க்குக் கேட்டு எடுத்தால், தங்கைக்கு 2,000 ரூபாயும் தம்பிமார் இருவருக்கும் தலா 4,000 ரூபாயும் தந்துவிட்டு, நினைவை நிம்மதியாகக் கையில் கட்டிக்கொள்ளலாம். வாரிசில் பருவமடையாத யத்தீம் இருந்தால், பொறுப்பாளர் சந்தை விலைக்குக் குறைத்து விடக்கூடாது. தகப்பனும் பாட்டனாருமல்லாத பொறுப்பாளர், யத்தீமின் பங்கைத் தமக்கே எடுத்துக்கொள்வதும் ஷாபிஈயில் செல்லாது. ஏலம் போவது கடிகாரமன்றி வெள்ளிக் கிண்ணமானால், எடுத்தவர் மற்றவர்களின் பங்குப் பணத்தை அறுவடை முடிந்து தருகிறேன் என்று சொல்லாமல், எழுந்திருக்கும் முன்பே எண்ணி வைத்துவிட வேண்டும்.