பாதிக் கையில் விமானம் வேண்டாம்

விருத்தாசலம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. ஹாஸ்டலில் நீங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து ராத்திரியெல்லாம் சண்டை போடுகிறீர்கள் போலிருக்கிறது. பட்டனை அமுக்கினால் விமானம் தானே இறங்கிவிடும் என்றால் நமக்கு எதற்கு இந்தப் பைலட் படிப்பு என்பது ஒரு கட்சி. இயந்திரத்திடம் விமானத்தை விடுபவன் பைலட்டே இல்லை என்பது இன்னொரு கட்சி. சூளையோடு காலம் தள்ளிய ஆளுக்கு விமானத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நினைக்காமல் என்னிடம் கேட்டிருக்கிறாய். நீ அனுப்பியதையெல்லாம் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நீ இரண்டு கட்சியிலும் சேராதே.

முதலில் அந்தப் பட்டன். கார்மின் கம்பெனியின் ஆட்டோலேண்டுக்கு அமெரிக்காவில் 2020 மே மாதம் அனுமதி கிடைத்தது. ஒற்றை பைலட் ஓட்டும் சின்ன விமானங்களுக்காகச் செய்தது. பைலட் மயங்கிவிட்டால் பின்னால் உட்கார்ந்திருக்கும் பயணி அமுக்கலாம். பைலட்டிடமிருந்து அசைவே இல்லை என்றால் கருவியே விழித்துக்கொள்ளும். எரிபொருள், வானிலை, மலை, ஓடுதளத்தின் நீளம் எல்லாவற்றையும் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்கும். ரேடியோவில் தன் நிலைமையைச் சொல்லும். இறங்கி, பிரேக் போட்டு, இன்ஜினையும் அணைத்துவிடும். ஒரு குறை உண்டு: அது பேசும், கேட்காது. கன்ட்ரோல் டவர் என்ன சொன்னாலும் அதன் காதில் ஏறாது.

2025 டிசம்பர் 20 அன்று கொலராடோவில் இது முதன்முறையாக நிஜ ஆபத்தில் வேலை செய்தது. ஆஸ்பெனிலிருந்து கிளம்பிய ஒரு கிங் ஏர் விமானம்; உள்ளே இரண்டு பைலட்டுகள் மட்டும். கேபின் அழுத்தம் போனதும் கருவி தானாகப் பொறுப்பை எடுத்துக்கொண்டது. இருவரும் ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டிக்கொண்டார்கள், நினைவோடுதான் இருந்தார்கள். ஆனாலும் அதை அணைக்கவில்லை. டென்வருக்குப் பக்கத்தில் அதுவே இறக்கி நிறுத்தியது. தெளிவாக இருந்தவர்கள் ஏன் தாங்களே இறக்கவில்லை என்று பைலட்டுகள் மத்தியில் ஒரே விவாதம். உன் இரண்டாவது கட்சி இதைக் கோழைத்தனம் என்கிறதாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கீழே மலை, சுற்றிலும் மேகம், மூச்சு மாஸ்க்கில். கருவி பிடித்துக்கொண்டது, சரியாகவும் போகிறது. அதை அதன் போக்கில் விட்டுவிட்டு, தப்பினால் பறிக்கத் தயாராக உட்கார்ந்திருந்ததுதான் புத்தி.

இந்தப் பட்டனைக் கேலி செய்பவர்களுக்கு 2005 ஆகஸ்ட் 14-ஐச் சொல். ஹீலியோஸ் 522 என்ற விமானம். அழுத்தத்தைக் கவனிக்கும் சுவிட்ச் தானியங்கியில் இல்லாமல் மேனுவலில் இருந்தது. உயரம் ஏற ஏற ஆக்சிஜன் குறைந்து பைலட்டுகள் நினைவிழந்தார்கள். ஆட்டோபைலட் ஏதென்ஸ்வரை ஒழுங்காகக் கொண்டுபோய், எரிபொருள் தீரும்வரை வானத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது. 121 பேரும் போனார்கள். இயந்திரம் தன் பாதியைக் குறையில்லாமல் செய்தது. மறுபாதியைச் செய்ய ஆளில்லை.

பாப்பா, எனக்கு பயமெல்லாம் அந்தப் பாதியில்தான். முழுசாகக் கையில் இருந்தாலும் சரி, முழுசாகக் கொடுத்துவிட்டாலும் சரி, எனக்குப் பயமில்லை. யார் கையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் நிற்கிறபோதுதான் விமானம் விழுகிறது. நம் பெங்களூரையே எடுத்துக்கொள்.

1990 பிப்ரவரி 14. மும்பையிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் 605. ஏ320 அன்று நம் நாட்டுக்கே புதுசு. அந்த விமானம் கம்பெனியிலிருந்து வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இடது இருக்கையில் ஓட்டியவரைச் சோதிக்க வலது இருக்கையில் இன்னொரு கேப்டன். நல்ல பகல் வெளிச்சம், ஓடுதளம் கண்ணுக்குத் தெரிகிறது. விமானம் ஓபன் டிசென்ட் என்ற நிலையில் இருந்தது; அதில் இன்ஜின் ஐடிலில் கிடக்கும். எப்படி அந்த நிலைக்குப் போனது? விசாரணையில் பேசப்பட்ட ஒரு சாத்தியத்தைக் கேள். இறங்கும் வேகத்தை 700 என்று வைக்க நினைத்தவர் பக்கத்துத் திருகைத் திருப்பி, உயரத்தை 700 அடி என்று வைத்திருக்கலாம். பெங்களூரின் தரையே கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,900 அடி!

வேகம் இறங்கிக்கொண்டே வந்தது. இன்ஜின் விசையைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோதிரஸ்ட் பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பு. அது பார்த்துக்கொள்ள வேண்டுமானால், இரண்டு பைலட்டுகள் பக்கமும் இருக்கிற ஃப்ளைட் டைரக்டர் என்ற வழிகாட்டி இரண்டையும் அணைத்திருக்க வேண்டும். ஒருவர் தன் பக்கத்தை அணைத்துவிட்டார், மற்றவர் பக்கம் எரிந்துகொண்டே இருந்தது. அது இருந்ததால் இன்ஜின் ஐடிலிலேயே கிடந்தது. இவர்கள் அதைப் பேசித் தெரிந்துகொள்வதற்குள் தரை நெருங்கிவிட்டது. திராட்டிலைத் தள்ளினாலும் இன்ஜின் வேகம் பிடிக்கச் சில விநாடி ஆகும். அந்தச் சில விநாடி மிச்சமில்லை. ஓடுதளத்துக்கு முன்னால் இருந்த கோல்ஃப் மைதானத்தில் மோதி, மேட்டில் அடித்து எரிந்தது. இருந்தவர்கள் 146, இறந்தவர்கள் 92. நிலைமையின் தீவிரம் புரிந்து திராட்டிலை உடனே முன்னே தள்ளவில்லை என்று விசாரணை பைலட்டுகளைத்தான் குறை சொன்னது. எனக்கு அந்தக் குறை போதவில்லை. பாதி அணைத்தால் பாதி வேலை செய்யும் என்று எந்த மனுஷனுக்கும் தோன்றும். ஒன்றை அணைத்தும் எதுவுமே மாறாது என்று எத்தனை பேருக்குத் தோன்றும்?

இயந்திரமே சொல்லாமல் கையை நீட்டுவதும் உண்டு. 2018 அக்டோபர் 29, லயன் ஏர் 610. கேப்டன் நம் டெல்லிப் பையன் பவ்யே சுனேஜா. எம்காஸ் என்ற ஏற்பாடு ஒரே ஒரு சென்சாரை நம்பி மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே தள்ளியது. அப்படி ஒன்று இருப்பதையே பைலட்டுகளின் கையேட்டில் போயிங் சொல்லவில்லை. 189 பேர் போனார்கள். ஐந்து மாதத்துக்குள் எத்தியோப்பியாவில் இதே எம்காஸால் 157 பேர்.

இதைக் காட்டி, மனுஷக் கைதான் மேல் என்று உன் இரண்டாவது கட்சி குதிக்கும். மங்களூரைச் சொல். 2010 மே 22. கேப்டன் வழியில் வெகுநேரம் தூங்கியிருந்தார். இறங்கும்போது விமானம் அதிக உயரத்தில் இருந்தது. துணை பைலட் திரும்ப மேலே போகலாம் என்று மூன்று முறை சொன்னார். கருவியும் கத்தியது. கேட்கவில்லை, 158 பேர் போனார்கள். அன்று இயந்திரம் சொன்னதைக் கேட்டிருந்தாலே போதும்.

எங்கள் சூளையில் தெர்மோகப்பிள் காட்டும் எண், அதைச் செருகியிருக்கிற இடத்தின் சூடு. அடுக்கின் நடுவில் உட்கார்ந்திருக்கும் பீங்கான் எவ்வளவு சூடு வாங்கியது என்று அதற்குத் தெரியாது. அதற்காகத்தான் உள்ளே சூட்டில் வளையும் கோன் வைப்போம். பார்வைத் துளை வழியாக அது வளைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சூளையை நிறுத்துவோம். நீயும் அப்படித்தான் பார்க்க வேண்டும். திருகில் தெரிவது நீ கேட்டது. எந்த நிலை இயங்குகிறது என்று காட்டும் எஃப்.எம்.ஏ.யில் தெரிவது விமானம் எடுத்துக்கொண்டது. வேகமும் இன்ஜின் முள்ளும் காட்டுவதுதான் நடப்பது. மூன்றும் ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொரு மாற்றத்திலும் பார், எஃப்.எம்.ஏ.யை வாய்விட்டுப் படி. பக்கத்தில் இருப்பவர் சிரித்தாலும் படி. ஒத்துப்போகவில்லை, காரணமும் புரியவில்லை என்றால் யோசித்துக்கொண்டிருக்காதே. முதலில் விமானத்தை முழுசாகக் கையில் எடு, காரணத்தை மேலே போய்ப் பேசிக்கொள்ளலாம். இறங்குமுன் "இப்போது யார் ஓட்டுவது, வேகத்தைப் பார்ப்பது யார்" என்று கேட்க வெட்கப்படாதே, பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு பெரிய சீனியராக இருந்தாலும்.

கையால் ஓட்டும் பழக்கத்தையும் விட்டுவிடாதே. பறிக்கத் தெரிந்தவளுக்குத்தான் தைரியமாகக் கொடுக்கவும் வரும். டெல்லி மூடுபனியில் நாளைக்கு நீயும் பெரிய விமானங்களில் இருக்கிற ஆட்டோலேண்டில்தான் இறங்குவாய். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. அங்கே பைலட்டின் வேலை கண்ணை எடுக்காமல் காவல் இருப்பது.

பெங்களூர் விபத்தின் விசாரணை அறிக்கையை உங்கள் நூலகத்தில் தேடிப் பார். சுருக்கத்தைப் படித்து வைத்துவிடாதே. காக்பிட்டில் பேசிக்கொண்டதைக் கடைசி இரண்டு நிமிடம் வரி வரியாகப் படி. எந்த இடத்தில் நீ திராட்டிலைத் தள்ளியிருப்பாய் என்று உன் இரண்டு கட்சிக்காரர்களையும் கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியப்பா