வண்ணத்தில் பிறக்கும் விஞ்ஞானம்

(பத்தாம் வகுப்பு மாணவி)

சிறு குழந்தைகளுக்கு விஞ்ஞானம் கற்பிக்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். வேலப்பன்சாவடியில் உள்ள நம் வீட்டு அடுக்களையும் ஒரு வண்ணப் பெட்டியுமே அதற்குப் போதும்.

இத்தாலிய மருத்துவரான மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ஆம் ஆண்டு சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவர் வகுத்த முறையில் வண்ணப் பலகைகளுக்குத் தனி இடம் உண்டு. முதற் பெட்டியில் சிவப்பு, மஞ்சள், நீல நிறங்களில் இரண்டிரண்டு பலகைகள் இருக்கும். குழந்தை தானே பார்த்து இணை சேர்க்கும். ஆசிரியை அதிகம் பேசமாட்டார். முதலில் கண்ணும் கையும், பிறகுதான் சொல்.

நாமும் தம்பி தங்கையருக்கு இவ்வாறே கற்பிக்கலாம். மஞ்சள் வண்ணத்தையும் நீல வண்ணத்தையும் இரு கிண்ணங்களில் வைத்து, "சேர்த்தால் என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்போம். அவர்கள் முதலில் ஊகிக்கட்டும், பிறகு கலக்கட்டும். பச்சை தோன்றும்!

கலந்த நிறம் பிரியுமா? வெள்ளைச் சாக்பீஸின் அடியிலிருந்து ஒரு விரற்கடை உயரத்தில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் வளையம் வரைவோம். வளையம் நனையாதபடி அதைச் சிறிதளவு நீரில் நிறுத்துவோம். நீர் மேலேறும்போது, கறுப்பு மைக்குள் ஒளிந்திருந்த நிறங்கள் பிரிந்து வரும்.

அடுத்தது ஆரத்தி நீர். மஞ்சள் கரைத்த நீரில் வெள்ளைச் சுண்ணாம்பைச் சேர்த்தால் இளமஞ்சள்தானே வரவேண்டும்? சிவப்பு வருகிறதே! இது வெறும் நிறக் கலவை அன்று, வேதியியல் மாற்றம். மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் பொருள் காரம் பட்டால் சிவக்கும். எலுமிச்சைச் சாறு பிழிந்தால் மீண்டும் மஞ்சளாகும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து; ஆகையால் அதைப் பெரியவர்களே கையாள வேண்டும்.

விடையை நாமே முந்திச் சொல்லிவிட்டால் குழந்தையின் கேள்வி மடிந்துவிடும். "கையை அழுக்காக்காதே" என்று அதட்டினாலும் அப்படியே. அன்புள்ள பெற்றோரே, சட்டையில் மஞ்சள் கறை பட்டால் கோபிக்காதீர்கள். துவைக்கும்போது குழந்தையை அருகில் அழையுங்கள். சோப்புப் பட்டதும் அந்தக் கறை சிவக்கும். "ஏன்?" என்று அதுவே கேட்கும். விடையைக் கண்டுபிடிக்க ஆரத்தி நீரை மட்டும் நினைவூட்டுங்கள். மற்றதைக் குழந்தை பார்த்துக்கொள்ளும்!