வாசல் பாதைக்கு மேற்பூச்சு: இளம் ஒப்பந்தக்காரர் ஒருவருக்குக் கடிதம்



கனகசெட்டிக்குளத்தில் கடலோரமாக வீடு கட்டியிருக்கும் பிரான்ஸ் வாசி ஒருவர், கேட்டிலிருந்து போர்டிகோ வரை நீ போட்டுக் கொடுத்த தார்ப் பாதைக்கு அந்த நாட்டில் கண்டதுபோல் பளபளவென்று ஒரு கறுப்புப் பூச்சு வேண்டும் என்று கேட்பதாகவும், புதுப் பாதைக்கு ஓராண்டு வரை எதையும் பூசலாகாது என்று எங்கோ படித்துவிட்டு அவரே பிறகு தயங்குவதாகவும், எதற்கு இணங்குவதென்று உனக்குத் தெளியவில்லை என்றும் எழுதியிருந்தாய். சந்தேகம் நியாயமானதே. அவர் படித்தது பொய்யல்ல. ஆனால் அது உன்னுடைய பாதையைக் குறித்து எழுதப்பட்டதல்ல.

மேல்நாடுகளில் வீட்டுப் பாதைக்குப் பெரும்பாலும் இடுவது அடர்த்தியான கலவை. பருஜல்லியும் பொடிஜல்லியும் தூளும் விகிதம் அறிந்து சேர்த்து, இடுக்கு இல்லாதபடி ரோலரால் இறுக்கியது. அதில் தண்ணீர் சுலபமாக இறங்காது. ஆகையால் புது பிட்டுமனின் மேற்பரப்பு வெயிலில் சற்று இறுகும் வரை பொறுத்திருந்து, அதன்பின் பூசினால் பூச்சு நன்றாகப் பிடிக்கும் என்று அவர்கள் சொல்வதில் அர்த்தமுண்டு. நம் பக்கத்திலோ வீடுகளுக்குப் போடுவது ஜல்லியைப் பிட்டுமனோடு முன்கூட்டியே கலந்து விரிக்கும் 20 மில்லிமீட்டர் பிரீமிக்ஸ் கார்பெட். அதன் சுபாவமே துளைகளோடு இருப்பது. ஒரு செம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றிப் பார்; ஓடாமல் உள்ளே மறைந்துபோகும். இப்படிப்பட்ட பரப்பைப் போட்ட கையோடு சீல் கோட் என்னும் மெல்லிய பிட்டுமன் பூச்சால் மூடிவிட வேண்டும் என்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பிலேயே உள்ள விதி. ஓராண்டு காத்திரு என்ற உபதேசத்தை இங்கே அனுசரித்தால், ஐப்பசியும் கார்த்திகையும் பெய்கிற மழையெல்லாம் கார்பெட்டைத் தாண்டி அடிமண்ணுக்குப் போய்ச் சேரும். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதை நீயே பார்த்தாய். அந்த மழைக்குப் பிறகு ஜல்லி தனியாகவும் தார் தனியாகவும் பிரிந்து கிடந்த பாதைகளை விசாரித்துப் பார். சீல் கோட்டை மிச்சம் பிடித்த கதை அவற்றில் பலவற்றுக்கும் இருக்கும்.

ஆகவே முதலில் நீ தெளிய வேண்டியது, இந்தப் பூச்சு எதற்காக என்பது. வீட்டுக்காரருக்கு வேண்டியது கறுப்பு. பாதைக்கு வேண்டியது நீரை உள்ளே விடாத ஒரு மூடல். வெயிலும் காற்றிலுள்ள பிராணவாயுவும் சேர்ந்து பிட்டுமனின் பசையை உலர்த்தி, அதைச் சாம்பல் நிறமாகவும் நொறுங்கும் பொருளாகவும் ஆக்குகின்றன. அந்தக் கெடுதலையும் பூச்சு ஓரளவு தாங்கிக்கொள்கிறது. கடையில் கிடைக்கும் எந்தப் பெயின்டும் இரண்டு நாளைக்குக் கறுப்பைக் கொடுத்துவிடும். மூடலைக் கொடுக்க அதற்குத் தடிமனும் ஒட்டும் சக்தியும் வேண்டும்.

சீல் கோட்டில் இரண்டு வகை உனக்குப் பழக்கமானவை. ‘ஏ’ வகையில் சூடான பிட்டுமனைப் பத்துச் சதுர மீட்டருக்கு 9.8 கிலோ வீதம் தெளித்து, அதன்மேல் பொடிச் சிப்ஸைப் பரப்பி உருட்டுவது. ‘பி’ வகையில் மணலை, அதே பரப்புக்கு 6.8 கிலோ பிட்டுமனோடு முன்கூட்டியே கலந்து, மெல்லிய படலமாக விரிப்பது. வீட்டுப் பாதைக்கு என் அபிப்பிராயம் ‘பி’ வகையே. சிப்ஸ் பெயர்ந்து கார்ச் சக்கரத்தில் ஒட்டி வராது. குழந்தைகள் வெறுங்காலில் ஓடினாலும் உறுத்தாது. ஆனால் கேட் அருகே சரிவு இருந்தால் அந்த இடத்துக்கு மாத்திரம் ‘ஏ’ வகையைப் போடு. மழையில் ஸ்கூட்டர் வழுக்கும் இடம் அதுதான். மூன்று மீட்டர் அகலமும் இருபது மீட்டர் நீளமும் உள்ள பாதைக்கு ‘பி’ வகையில் சுமார் 41 கிலோ பிட்டுமன் போதும்; ஒரு டிரம்மில் ஏறக்குறைய கால் பங்கு. இவ்வளவு சொற்பமான சரக்குக்காக டிரம்மை உடைக்க வேண்டுமா என்று மேஸ்திரிகள் பாதியாகக் குறைப்பதும், உடைத்தாயிற்றே என்று இரண்டு மடங்கு ஊற்றிச் சித்திரை வெயிலில் செருப்பு ஒட்டும்படி செய்வதும் நம் தொழிலில் ஓயாத வேடிக்கை. விறகடுப்பில் டிரம்மைக் காய்ச்சும்போது கையில் ஒரு தெர்மாமீட்டர் வைத்துக்கொள்; வி.ஜி. 30 ரக பிட்டுமனை 165 டிகிரிக்கு மேல் போகவிட்டால், வெயில் பல வருஷத்தில் செய்கிற வேலையை உன் அடுப்பே அன்றைக்குச் செய்துவிடும்.

மணல் விஷயத்தில் கண்டிப்பாக இரு. வீட்டுக்குப் பின்னால் கடற்கரை இருக்கிறது என்பதற்காக அந்த மணலை அள்ளிவர ஆட்கள் துடிப்பார்கள். அது உருண்டையான, ஒரே அளவான மணல். ஒன்றையொன்று கவ்விப் பிடிக்காது. வானூர் பக்கத்துக் கிரஷர்களிலிருந்து வரும், கல்லை உடைத்துச் செய்த மணலான எம்-சாண்டைக் கேட்டு வாங்கு.

நாலைந்து வருஷமான பழைய பாதையானால் யோசனை வேறு. வெளிறியிருந்தாலும் வெடிப்பு விடாத பரப்புக்கு, மெதுவாக உடையும் பிட்டுமன் எமல்ஷனைச் சரிபாதி தண்ணீரில் கரைத்துச் சதுர மீட்டருக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை தெளித்தால் போதும். பரப்பு சொரசொரத்துத் தூள் உதிர்ந்தால், எமல்ஷனோடு கிரஷர் தூளும் சிறிது சிமென்டும் சேர்த்துக் கூழாக்கி இழுக்கலாம். வலைபோல் பின்னிய வெடிப்பு கண்டால் மட்டும் எதையும் பூசாதே. அங்கே கெட்டிருப்பது அடித்தளம். எலும்பு முறிந்த இடத்தில் சந்தனம் தடவுவது போன்ற அந்த வேலைக்கு நீ வாங்கும் பணம் உனக்கு ஒட்டாது. வெட்டி எடுத்து, அடியில் ஜல்லியை இறுக்கிவிட்டுப் பேசு.

கப்பலுக்கும் குழாய்க்கும் பூசி மிஞ்சிய நிலக்கரித் தாரை மலிவாகக் கொண்டுவந்து யாரேனும் நீட்டக்கூடும். பெட்ரோலும் டீசலும் சொட்டினாலும் அது கரையாது என்பது உண்மை, பிட்டுமன் கரையும். ஆயினும் அதைத் தொடாதே. அதிலுள்ள புற்றுநோய்க்குக் காரணமான சேர்மங்கள் தூளாகத் தேய்ந்து காலோடு வீட்டுக்குள் வருகின்றன. மழையோடு நீர்நிலைக்குப் போகின்றன. அமெரிக்காவில் ஆஸ்டின் நகரம் 2005-லும் வாஷிங்டன் மாநிலம் 2011-லும் இவ்வகைப் பூச்சைத் தடை செய்தது இதனால்தான். நம் ஊரோ மணற்பாங்கான பூமி; மேலே சிந்துவது கிணற்றை எட்ட வெகு நேரம் ஆகாது. எண்ணெய் சொட்டும் வண்டிக்குக் கீழே ஒரு தகரத் தட்டை வைக்கச் சொல், போதும். பளபளப்புக்காகக் கழிவு ஆயிலைத் துடைப்பத்தால் தேய்ப்பவர்களைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது பிட்டுமனையே இளக்கிவிடும் கரைப்பான்.

உப்புக் காற்று பாதையை அரித்துவிடுமோ என்றும் அவர் கேட்டாராம். கம்பி வைத்த கான்கிரீட்டானால் அந்தப் பயத்துக்கு இடமுண்டு. இதில் துருப்பிடிக்க என்ன இருக்கிறது? கடலால் வரும் உண்மையான தொந்தரவு காற்றோடு வந்து படியும் மணல்தான். பூசும் நாளன்று விடியற்காலையில் கம்பித் துடைப்பத்தால் பெருக்கி, ஈரம் காய்ந்த பிறகே வேலையைத் தொடங்கு.

காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எமல்ஷனுக்கு உகந்தவை மாசியும் பங்குனியும். ஆவணியில் மாலை மழை சொல்லாமல் வரும். ஆனால் உன் பிரீமிக்ஸ் பாதை மாசி வரை காத்திராது. ஆதலால் மழை ஓய்ந்து இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் கிடைத்தவுடனே சூடான ‘பி’ வகையைப் போட்டு முடித்துவிடு. அதற்கு முன்பாக இரண்டு காரியம் உண்டு: மொட்டை மாடித் தண்ணீர்க் குழாய் பாதையின் ஓரத்தில் விழுகிறது என்று எழுதியிருக்கிறாயே, அதைத் தோட்டத்துப் பக்கம் திருப்பு, ஓரமெல்லாம் வெறும் மணலாக இருப்பதால் இருபுறமும் ஓரக்கல் பதித்துக் கட்டு. இந்தச் செலவுக்கு வீட்டுக்காரர் முகம் சுளித்தால் பூச்சையும் நிறுத்திவை. பில்லில் ‘கறுப்புப் பூச்சு’ என்று எழுதாமல், வகை, பிட்டுமன் ரகம், கிலோக் கணக்கு மூன்றையும் எழுது. ஒரு பிரதி எனக்கும் அனுப்பு.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் மூத்தவன்